எந்தப் பக்கம் போவது என்று தெரியாதபோது: கிறிஸ்தவ விசுவாசத்தில் ஞானத்தைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

படிப்பு முடிந்தும் வேலை அமையாமல் வீட்டில் இருப்பவர், வேலை இருந்தும் ஞாயிறு மாலை ஆனாலே மனம் கனத்துப் போகிறவர், பிள்ளைகள் வெளியூர் போனபின் "இனி நான் எதற்கு?" என்று யோசிக்கிறவர். இவர்கள் எல்லோரும் சபையில் கேட்பது ஒரே கேள்விதான்: "தேவன் எனக்கு என்ன வைத்திருக்கிறார்?" கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் வழி காட்டுவார்."

அந்தப் பதில் தப்பில்லை. ஆனால் எப்படி ஜெபிப்பது, எதை வாசிப்பது, யாரிடம் பேசுவது, மனதில் வந்த எண்ணம் தேவனிடமிருந்து வந்ததுதானா என்று எப்படிச் சோதிப்பது, எப்போது முடிவெடுப்பது என்பதையெல்லாம் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த 10 வருடத்துக்கான வரைபடத்தை முன்கூட்டியே தருவதாக வேதம் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஞானம் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. யாக்கோபு 1:5 இப்படிச் சொல்கிறது: "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால், யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில் கேட்கக்கடவன்." கடிந்துகொள்ளாதவர் என்பதைக் கவனியுங்கள். இந்த வயதில் இதுகூடத் தெரியவில்லையா என்று அவர் கேட்பதில்லை. வீட்டிலும் சொந்தபந்தத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு நொந்துபோனவர்கள் இந்த ஒரு வசனத்தோடு கொஞ்ச நாள் இருக்கலாம்.

வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பின்படி தருகிறேன். கத்தோலிக்கர்கள் பொது மொழிபெயர்ப்பில் அதே இடங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: முதலில் உடம்பு

திசை தெரியாதபோது நாம் பெரும்பாலும் களைத்தும் போயிருக்கிறோம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றி கண்ட எலியா, யேசபேலின் ஒரு மிரட்டலில் உடைந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அந்த நேரத்தில் தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. ஒரு தூதன் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி, அப்புறம் 40 நாள் நடந்து ஓரேபை அடைந்த பிறகுதான் வருகிறது.

ஆகவே முதல் வாரம் பெரிய கேள்விகளைத் தொடாதீர்கள். ஒழுங்கான தூக்கம், வேளைக்குச் சாப்பாடு, தினமும் கொஞ்சம் நடை, இரவில் போனை வேறு அறையில் வைப்பது, இவ்வளவுதான். உபவாச ஜெபம் நல்லது. ஆனால் ஏற்கனவே சாப்பிட முடியாமல் தூக்கமில்லாமல் இருப்பவர் இந்த நேரத்தில் உபவாசம் இருக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், அதை ஆவிக்குரிய குறை என்று நினைத்து உள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் மனநல உதவிக்கு அழைக்கலாம். மருந்து எடுத்துக்கொள்வதால் விசுவாசம் குறைந்துவிடாது. தூதன் கொண்டுவந்த அடையை எலியா சாப்பிடத்தானே செய்தார்.

படி 2: உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்

நம் ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்லப் பழகியிருக்கிறோம், புலம்பப் பழகவில்லை. ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஜெபத்தைத் தொடங்க வேண்டும் என்ற பழக்கத்தில், உள்ளே இருக்கும் கோபமும் ஏமாற்றமும் வாய்க்கு வராமலே போகின்றன. சங்கீதக்காரர்கள் அப்படி இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 73ஆம் சங்கீதத்தை எழுதிய ஆசாப், துன்மார்க்கர் நன்றாக வாழ்வதைப் பார்த்துத் தன் கால்கள் தள்ளாடியதை ஒளிக்காமல் சொல்கிறார். 88ஆம் சங்கீதத்தின் முடிவில் ஆறுதலான ஒரு வரிகூட இல்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

இந்த மூன்று சங்கீதங்களையும் வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். பிறகு ஒரு நோட்டில் உங்கள் சங்கீதத்தை எழுதுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. "அண்ணன் வீடு கட்டிவிட்டான், நான் இன்னும் அப்பாவிடம் பெட்ரோலுக்குக் காசு கேட்கிறேன்" என்பது நல்ல தொடக்கம். யாரும் படிக்கப் போவதில்லை. இந்தப் படியைச் செய்யாமல் விட்டுவிட்டால், பின்னால் வரும் ஜெபமெல்லாம் ஒப்புக்குச் சொல்வதாகிவிடும்.

படி 3: கேள்வியை மாற்றுங்கள்

சாலொமோன் ராஜாவானவுடன் கிபியோனில் தேவன் அவருக்குக் கனவில் தோன்றிச் சொன்னார்: "நீ விரும்புகிறதை என்னிடத்தில் கேள்." அவர் தன் நிலைமையைச் சொல்கிறார்: "நானோவென்றால் போக்குவரவு அறியாத சிறுபிள்ளையாயிருக்கிறேன்." திசை தெரியாதவனின் வாக்குமூலம் இதைவிடச் சுருக்கமாக இருக்க முடியாது. அவர் கேட்டது எதிர்காலத் தகவலை அல்ல. நன்மை தீமையை வகையறுக்கும் ஞானமுள்ள இருதயத்தைக் கேட்டார். அடுத்த பகுதியிலேயே அந்த ஞானம் பயன்படுகிறது. அரசியலிலோ போரிலோ அல்ல, ஒரு குழந்தைக்காகச் சண்டை போடும் இரண்டு பெண்களின் வழக்கில்.

நாமோ பெரும்பாலும் அடையாளம் கேட்கிறோம். "இந்த வரன் உமக்குச் சித்தமானால் வெள்ளிக்கிழமைக்குள் போன் வரட்டும்" என்கிறோம். கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு தேவனிடம் அடையாளம் கேட்டானே என்று அதற்கு ஆதாரமும் காட்டுவோம். நியாயாதிபதிகள் 6ஐ முழுக்க வாசித்துப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது கிதியோனுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. தோலைப் போட்டதற்குக் காரணம் அவனுடைய பயம். தேவன் அவனிடம் பொறுமை காட்டினார் என்பதுதான் அங்கே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. முடிவெடுக்கும் முறை என்று அதை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆகவே நோட்டில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். "நான் கனடா போகலாமா, கூடாதா?" என்று இருந்தால், அதன் கீழே இவற்றையும் எழுதுங்கள். எந்த ஆசை என்னை அங்கே இழுக்கிறது? எந்தப் பயம் இங்கிருந்து தள்ளுகிறது? நான் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்? ஏற்கனவே என் கையில் இருந்தும் நான் கண்டுகொள்ளாமல் விட்ட வேலை எது? இவற்றுக்கு உண்மையான பதில் தெரிய வேண்டும் என்று கேட்பதுதான் ஞானத்துக்கான ஜெபம். பதில் உடனே வராது. நாளுக்கு ஒரு வரி வந்தாலும் போதும்.

படி 4: வாசிப்பு, தினமும், குறைவாக

காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முடியாவிட்டால் 15 நிமிடம். ஆனால் தினமும் ஒரே இடம், ஒரே நேரம்.

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். தேதிக்கு ஒன்று என்று வாசித்தால் ஒரு மாதத்தில் முடியும். பல குடும்பங்களில் பழைய பழக்கம் இது, நல்ல பழக்கம். அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டு, அன்றைய உங்கள் நிலைமையைத் தொடும் ஒரே ஒரு வசனத்தை நோட்டில் எழுதுங்கள். பணம், பேச்சு, கோபம், சோம்பல், ஜாமீன் கையெழுத்து, நண்பர்கள் என்று அன்றாட விஷயங்கள்தான் அதில் நிறைய. ஞானம் என்றால் ஏதோ உயரத்தில் இருப்பது என்ற எண்ணம் ஒரு மாதத்தில் மாறிவிடும்.

ஆனால் நீதிமொழிகளை மட்டும் வாசித்து நிறுத்தினால் ஆபத்து. உழைக்கிறவன் செழிப்பான் என்று அது சொல்வதை வைத்து, செழிக்காதவன் எல்லாம் உழைக்காதவன் என்று தீர்ப்பளிக்கத் தோன்றும். அதற்குத்தான் பக்கத்திலேயே யோபுவும் பிரசங்கியும் இருக்கின்றன. யோபுவின் நண்பர்கள் பேசிய உபதேசத்தில் பாதிக்கு மேல் தனியாக எடுத்தால் சரியானதே. ஆனால் அந்த மனிதனுக்கு, அந்த நேரத்தில் அது பொருந்தவில்லை. அவர்கள் செய்ததிலேயே உருப்படியானது, வாய் திறக்காமல் 7 நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான்.

இரண்டாவதாக, ஒரு சுவிசேஷம். மாற்குவில் தொடங்குங்கள், 16 அதிகாரங்கள்தான். இதை வேகமாக வாசிக்காதீர்கள். 12ஆம் நூற்றாண்டில் குய்கோ என்ற துறவி எழுதிவைத்த பழைய முறை ஒன்று உண்டு: வாசி, அசைபோடு, ஜெபி, பிறகு சும்மா அவர் முன்னால் இரு. எப்படி என்று ஒரு பகுதியை வைத்துக் காட்டுகிறேன்.

மாற்கு 10:46 முதல் 52 வரை. எரிகோவின் வழியோரத்தில் பர்திமேயு உட்கார்ந்து பிச்சை கேட்கிறான். ஒரு முறை வாசியுங்கள். மறுபடி வாசிக்கும்போது எங்கே மனம் நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். "பேசாதிரு" என்று கூட்டம் அவனை அதட்டும் இடத்தில் நிற்கலாம். தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழும் இடத்தில் நிற்கலாம். பிச்சைக்காரனுக்கு அந்த வஸ்திரம்தான் படுக்கை, போர்வை, சொத்து எல்லாம். அல்லது இயேசு கேட்கும் கேள்வியில் நிற்கலாம்: "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்?" குருடன் என்று தெரிந்தும் கேட்கிறார். அந்தக் கேள்வியை இன்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதுதான் ஜெபம். சொல்லி முடித்தபின் ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் இருங்கள். மனம் அலையும், பரவாயில்லை. பார்வை வந்தபின் பர்திமேயு எங்கே போனான் என்று கடைசி வசனத்தில் இருக்கிறது. இயேசுவுக்குப் பின்னே, அதே வழியில். பார்வை கேட்டவனுக்கு வழியும் கிடைத்தது.

வாக்குத்தத்த வசனத்தைப் பற்றி

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, தட்டில் இருக்கும் வாக்குத்தத்த அட்டையை எடுக்கும்போது நம் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும். நல்ல வசனம் வந்தால் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவோம். அந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. வருடம் முழுக்க ஒரு வசனத்தோடு வாழ்வது நல்லதுதான். ஆனால் அந்த வசனம் யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று பார்க்காமல் அதை வைத்து முடிவெடுப்பது வேறு விஷயம்.

எல்லோரும் விரும்பும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். நம்மைப் பற்றிய அவருடைய நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று சொல்லும் வசனம். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம், விடுதலைக்கு 70 வருடம் ஆகும் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் திரும்பி வருவதைத் தங்கள் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அதுவரை என்ன செய்வது? 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில் இருக்கிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள்.

அதற்கு முந்தின 28ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும், இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கர்த்தரின் பெயரால் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்குவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைக்கவும் செய்கிறான். எரேமியா முதலில் சொன்ன பதில், "ஆமென், அப்படியே ஆகட்டும்" என்பதுதான். அவருக்கும் அந்தச் செய்தி உண்மையாக இருந்தால் சந்தோஷமே. ஆனால் அது பொய். இரண்டு வருடம் என்றவன் பேச்சு இனித்தது, 70 வருடம் என்றவரின் கடிதம்தான் நின்றது.

திசை தெரியாதவர்களுக்கு எரேமியா 29 மிகவும் தேவையான அதிகாரம் என்று நான் நினைக்கிறேன், 11ஆம் வசனத்துக்காக மட்டுமல்ல. வழி தெரியாமல் காத்திருக்கும் காலத்திலும் தோட்டம் போடலாம் என்று அது சொல்கிறது. நிரந்தர வேலை வரும்வரை தற்காலிக வேலையை ஒழுங்காகச் செய்வது, வாடகை வீட்டுத் தெருவில் நாலு பேரைத் தெரிந்துகொள்வது, ஞாயிறு பள்ளிக்கு ஆள் இல்லை என்றால் போய் நிற்பது, எல்லாம் அந்தத் தோட்டத்தில் சேரும்.

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதற்குப் பலரும் ஆதித் திருச்சபைத் தந்தையான அகஸ்டினைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் "எடுத்து வாசி" என்ற குரலைக் கேட்டு ரோமர் நிருபத்தைத் திறந்து மனம் மாறியவர் அவர். ஆனால் அதே அகஸ்டின், பிஷப்பான பிறகு எழுதிய கடிதம் ஒன்றில், உலகக் காரியங்களுக்குச் சுவிசேஷத்தைத் திறந்து குறி பார்க்கும் வழக்கம் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

படி 5: இரவில் 10 நிமிடம்

படுக்கும் முன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை நமக்குத் தந்தவர் லொயோலா இஞ்ஞாசியார். முத்துக்குளித்துறைக் கரையில் 1542 முதல் ஊழியம் செய்த சவேரியாரின் தோழர். இஞ்ஞாசியார் முதலில் போர்வீரர். 1521இல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். வாசிக்க வீரசாகசக் கதைகள் வேண்டும் என்று கேட்டார். அந்த வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். வேறு வழியில்லாமல் அவற்றை வாசித்தார். பிறகு படுத்தபடி பகல் கனவு காண்பார். சில நாள் அரண்மனை, போர், ஒரு சீமாட்டியின் கவனம் பற்றி. சில நாள் பிரான்சிஸைப் போல, தோமினிக்கைப் போல வாழ்வது பற்றி. இரண்டு கனவுமே காணும்போது இனித்தன. ஆனால் முதலாவது முடிந்தபின் மனம் வறண்டது, இரண்டாவது முடிந்தபின்னும் சந்தோஷம் தங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்தான் அவருடைய வழி திறந்தது.

நீங்களும் இரவில் அதைத்தான் கவனிக்கப் போகிறீர்கள். இன்று கிடைத்த நல்லது ஒன்றுக்கு நன்றி சொல்லுங்கள். தெளிவாகப் பார்க்க வெளிச்சம் கேளுங்கள். காலையிலிருந்து நாளை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எந்த வேலையில், யாரோடு பேசியபோது மனம் விசுவாசத்திலும் அன்பிலும் வளர்ந்தது? எங்கே சுருங்கி, கசந்து, தேவனை விட்டு விலகியது? தவறியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். நாளைக்கு ஒரு சின்னத் தீர்மானம். நோட்டில் இரண்டு வரி. ஒரு நாள் வரிகள் எதையும் சொல்லாது. ஆறு வாரத்து வரிகளை ஒன்றாக வாசித்தால், உங்களுக்கே தெரியாத ஒரு போக்கு அதில் தெரியும்.

படி 6: ஆலோசனை, அதுவும் பார்த்து

"அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும்" என்கிறது நீதிமொழிகள் 11:14. நம் ஊரில் ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. யாரிடம் கேட்பது என்பதுதான் பிரச்சினை. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 37ஆம் அதிகாரம் இதில் மிகவும் கூர்மையானது. ஆலோசனை சொல்பவனுக்கு அதில் என்ன ஆதாயம் என்று முதலில் பார் என்கிறது. கோழையிடம் போரைப் பற்றியும், வாங்க வந்தவனிடம் விற்பதைப் பற்றியும், சோம்பேறியிடம் வேலையைப் பற்றியும் கேட்காதே என்கிறது. வெளிநாட்டு வேலையைப் பற்றி ஏஜென்ட்டிடம் மட்டும் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை இல்லை.

மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உங்களை நன்றாக அறிந்தவர், உங்களிடம் "இது சரியில்லப்பா" என்று சொல்லத் துணிந்தவர். ஒருவர் அந்தத் துறையை அறிந்தவர், கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருவர் ஜெபத்தில் முதிர்ந்தவர், அது ஆயராகவோ பங்குத்தந்தையாகவோ இருக்கலாம், பின் பெஞ்சில் உட்காரும் ஒரு பாட்டியாகவும் இருக்கலாம். தனியாகப் போய்ப் பேசுங்கள். நோட்டிலிருந்து வாசித்தும் காட்டலாம். யாரிடமும் சொல்ல முடியாதபடி ஒரு திட்டத்தை மறைத்து வைத்திருக்கிறீர்கள் என்றால், அதையே முதலில் சொல்லுங்கள். ரகசியத்தில்தான் சோதனைக்காரன் பலப்படுகிறான் என்பது இஞ்ஞாசியாரின் அனுபவம்.

தீர்க்கதரிசனம் சொல்பவர்களிடம் போகலாமா என்று கேட்பார்கள். 1 தெசலோனிக்கேயர் 5:20, 21 இரண்டையும் சேர்த்தே பிடியுங்கள்: தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். காணிக்கையை முதலில் கேட்கிறவர், சொன்னதைச் சோதிக்கக் கூடாது என்கிறவர், பயமுறுத்துகிறவர், "இந்தப் பையனைத்தான் கட்ட வேண்டும்" என்று உங்கள் மனசாட்சியின் இடத்தில் தானே ஏறி உட்காருகிறவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சோதிக்கும் உரைகல் யாக்கோபு 3:17இல் இருக்கிறது. பரத்திலிருந்து வரும் ஞானம் சுத்தமும், சமாதானமும், சாந்தமும், இணக்கமும், இரக்கமும் உள்ளது, பட்சபாதமும் மாயமும் இல்லாதது. உங்களுக்கு வந்த யோசனையை அந்த வசனத்தோடு சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 7: முடிவெடுப்பது

மனம் இருண்டிருக்கும்போது முடிவை மாற்றாதே. இது இஞ்ஞாசியாரின் விதிகளில் மிகவும் பயனுள்ளது. சோர்வில் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள், நிச்சயித்த திருமணத்தை நள்ளிரவில் முறிக்காதீர்கள். தெளிந்திருந்த நேரத்தில் எடுத்த தீர்மானத்திலேயே நில்லுங்கள், ஜெபத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், இருள் விலகட்டும். (உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்தான இடத்தில் இருப்பவருக்கு இது பொருந்தாது. அவர் உடனே வெளியேற வேண்டும்.)

மனம் ஓரளவு அமைதியான நாளில் உட்காருங்கள். ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வளைகுடா நாட்டில் வேலை வந்திருக்கிறது. வீட்டில் கடன். அவளுக்கோ எம்.எஸ்சி. படித்துக் கற்பிக்க ஆசை. எந்தப் பக்கமும் மனம் போகவில்லை.

முதலில் அவள் கேட்க வேண்டியது, இரண்டில் எதுவானாலும் ஏற்கும் மனநிலை. இதற்கே சில நாள் ஆகும். அப்புறம் தாளை நான்காக மடித்து, போவதன் நன்மை, தீமை, போகாததன் நன்மை, தீமை என்று எழுதுகிறாள். "கடன் இரண்டு வருடத்தில் அடையும்" என்பது முதல் கட்டத்தில். "அம்மாவுக்கு டயாலிசிஸ், கூட்டிப் போக ஆள் இல்லை" இரண்டாவதில். "அத்தை மகள் போய்விட்டாள், நான் மட்டும் இங்கே" என்பதையும் எழுதினாள். எழுதியபின் பார்த்தால், அது காரணமே அல்ல, பொறாமை என்று அவளுக்கே தெரிகிறது. அதை அடித்துவிடுகிறாள். எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், எடையைப் பாருங்கள்.

அதிலும் தெளியவில்லை என்றால் இஞ்ஞாசியார் இன்னும் மூன்று கேள்விகள் தருகிறார். முன்பின் அறியாத ஒருத்தி இதே நிலைமையோடு வந்து கேட்டால், அவளுக்கு நல்லதே நடக்க வேண்டும் என்ற ஆசையோடு என்ன சொல்வாய்? சாகும் நேரத்தில், எந்த முடிவை எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பாய்? நியாயத்தீர்ப்பு நாளில் அவர் முன் நிற்கும்போது? முதல் கேள்வியிலேயே பலருக்குப் பதில் வந்துவிடும். மற்றவருக்குச் சொல்லும்போது நம் பயம் குறுக்கே வருவதில்லை.

ஒரு முடிவு தெரிந்தபின் அதை ஜெபத்தில் ஒப்புக்கொடுத்து, ஒரு வாரம் அந்த முடிவு எடுத்துவிட்டவராகவே வாழ்ந்து பாருங்கள். சமாதானம் தங்குகிறதா, கரைகிறதா என்று இரவுக் குறிப்பில் எழுதுங்கள். பயம் இருப்பதாலேயே தப்பான முடிவு என்று நினைக்காதீர்கள். பயத்துக்குக் கீழே ஒரு அமைதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

படி 8: நடக்கத் தொடங்குங்கள்

"காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான்; மேகங்களை நோக்குகிறவன் அறுக்கமாட்டான்" என்கிறது பிரசங்கி 11:4. இன்னும் உறுதி வரட்டும் என்று காத்துக்கொண்டே இருப்பதற்குப் பக்தி என்ற பெயர் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

பவுலுக்கே வழி ஒவ்வொரு அடியாகத்தான் தெரிந்தது. அப்போஸ்தலர் 16இல் ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம்) வசனம் சொல்லத் தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தால் அங்கும் தடை. துரோவாவில்தான் மக்கெதோனியா மனிதனின் தரிசனம். அப்போதும் அவர் தனியாக முடிவெடுக்கவில்லை, கூட இருந்தவர்களும் சேர்ந்து நிச்சயித்துக்கொண்டு புறப்படுகிறார்கள். சரியான வழியில் போய் பிலிப்பியில் என்ன கிடைத்தது? அடியும் சிறையும். கஷ்டம் வந்ததாலேயே வழி தப்பிவிட்டோம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

நம் மண்ணிலேயே இதற்குச் சாட்சிகள் உண்டு. அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1893இல் ஜப்பானுக்குப் போனார். உடம்பு ஒத்துழைக்காமல் அந்த வழி அடைபட்டது. 1895இல் இந்தியா வந்தார், தமிழ் படித்தார், திருநெல்வேலிப் பக்கம் வந்து சேர்ந்தார். 1901இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியை ஏற்றுக்கொண்டதில்தான் ஆபத்திலிருந்த குழந்தைகளைக் காத்து வளர்க்கும் டோனாவூர்ப் பணி தொடங்கியது. 1951இல் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவில்லை.

ஐடா ஸ்கடரின் கதை இன்னும் நெருக்கமானது. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர், மிஷனெரிக் குடும்பம். அந்த வாழ்க்கையே தனக்கு வேண்டாம் என்றிருந்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியருக்கும் பிரசவத்தில் சிக்கல். அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவருமே மறுத்தார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவுக்குப் பின் அவர் மருத்துவம் படிக்கத் தீர்மானித்தார். 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அவருக்கு வானத்திலிருந்து குரல் கேட்கவில்லை. வாசலில் வந்து நின்ற தேவையும், அதற்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற வேதனையும்தான் அழைப்பாக இருந்தன. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் படிப்பு. அழைப்பு வந்த கையோடு திறமையும் வந்துவிடுவதில்லை.

அதனால் அடுத்த ஏழு நாளில் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையை எழுதுங்கள். விண்ணப்பம் போடுவது, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது, ஒரு வகுப்பில் சேர்வது, ஒருவரை நேரில் போய்ப் பார்ப்பது. செய்து முடித்தபின் அதற்கு அடுத்தது.

படி 9: மூன்று மாதம் கழித்து

நோட்டை முதலிலிருந்து வாசியுங்கள். படி 2இல் எழுதிய புலம்பலுக்கும் சமீபத்திய இரவுக் குறிப்புகளுக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். எடுத்த முடிவில் தொடர்ந்து வறட்சி மட்டுமே தெரிகிறது என்றால், அந்த மூன்று பேரிடமும் மறுபடி பேசிவிட்டுப் படி 7க்குத் திரும்புங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் அமைதியாக உட்கார இடமே இல்லை என்பவர்கள் இரண்டு மூன்று நாள் மௌனத் தியானத்துக்குப் போய் வரலாம். கத்தோலிக்கத் தியான இல்லங்கள் பல மாவட்டங்களில் உண்டு. 1921இல் தொடங்கிய திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமமும், 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் தொடங்கிய சாந்திவனமும் ஆசிரம வாழ்க்கைக்காக உருவானவை. எங்கே போவதானாலும் முன்கூட்டியே தொடர்புகொண்டு கேட்டுவிட்டுப் போங்கள்.

மூன்று மாதம் ஆகியும் பெரிய கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், காலை வாசிப்பையும் இரவுக் குறிப்பையும் நிறுத்தாதீர்கள். கையில் இருக்கும் வேலையையும் விடாதீர்கள். நீதிமொழிகள் முடிந்திருக்கும், யோபுவைத் தொடங்குங்கள். 42 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று போதும்.